ஊடாட்டம் யாருக்கு, பரஸ்பரம் யாரோடு?

‘ரெசிப்ராசிட்டி’யைப் பரஸ்பரம் என்றும் ‘இன்டராக்டிவ்’ என்பதை ஊடாட்டம் என்றும் பெயர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஒன்றின் இடத்தில் மற்றதைப் புழங்கவும் செய்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதல் சொல்லின் லத்தீன் மூலம் முன்னும் பின்னுமாகப் போய்வருவதைக் குறிப்பது. ரோமானியர் அதைக் கடலின் ஓதத்துக்கும் சொன்னார்கள். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பனாற்றில் ஓதம் ஏறி வடிந்தால் ஆத்துத் தண்ணி பழைய தண்ணியாக இருப்பதில்லை. ‘இன்டராக்டிவ்’ அப்படியல்ல. பொத்தானை அமுக்கினால் திரை மாறுகிறது, பிரதி மாறுவதில்லை. எஸ்பென் ஆர்செத் 1997இல் ‘சைபர்டெக்ஸ்ட்’ நூலில் இந்தச் சொல்லைச் சந்தேகித்தது சரியே.

‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்ற சொல்லை 1965இல் தந்த டெட் நெல்சன் இருவழி இணைப்பையே கனவு கண்டார். சுட்டப்படும் பிரதிக்குத் தன்னைச் சுட்டுவது யாரென்று தெரிய வேண்டும், நம்மூர் மொய் நோட்டு மாதிரி. கிடைத்த வலையோ ஒருவழிப் பாதை. அதற்காக மொய் நோட்டையும் கொண்டாடிவிட முடியாது. அதில் எந்தச் சாதிக்காரர் பெயர் ஏறவில்லை என்பதை அந்த நோட்டே சொல்லாது.

சிதம்பரத்துக்கு வருவோம். தேவார ஏடுகள் கோயில் அறையில் பூட்டிக் கிடந்தன, திறந்தபோது பெரும்பகுதி செல்லரித்திருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். கதைதான். அதன்படி பார்த்தால் அந்தப் பிரதியோடு ஊடாடியது கரையான் மட்டும்தான்! அதே கோயிலில், 2008இல், சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட அரசாணையும் போலீசும் வேண்டியிருந்தது. இத்தனைக்கும் தேவாரம் அச்சில் கிடைத்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே கணினியிலும் கிடைத்தது. வாசிக்கத் தடையில்லை. அந்த இடத்தில் நின்று எழும் குரலுக்கே தடை. மதுரைத் திட்டத்தில் வாசகர்களே தட்டச்சு செய்து, பிழை திருத்திப் பிரதியைப் பிறருக்குக் கொடுத்தார்கள். பரஸ்பரம் என்று அதைச் சொல்லலாம்.

மனு போடும் தளங்களையும் இன்று ஊடாட்டம் என்கிறார்கள். நான் போட்ட ஒரு மனுவுக்கு எண் வந்தது. கொஞ்ச நாளில் ‘முடித்துவைக்கப்பட்டது’ என்று வந்தது. சாக்கடை அப்படியே கிடக்கிறது. அமைப்பு எனக்குப் பதில் சொல்லிவிட்டது, ஆனால் அதற்குள் எதுவும் அசையவில்லை.

ஆகவே, ஊடாடும் பிரதி என்று யாராவது ஒன்றை நீட்டினால் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. என் எழுத்து இதில் தங்குமா? தங்கினால், அழிக்கும் உரிமை யார் கையில்? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் ஊடாட்டம் என்ற சொல்லை நாம் செலவழிக்க வேண்டாம். பொத்தான் அமுக்கல் என்றே சொல்வோம்.