மறுத்தல், களைதல், கண்டித்தல்: ஒரு சொல்வரலாற்றுக் குறிப்பு

'கண்டனம்' என்னுஞ் சொல் இன்று கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் அடைமொழியாகிவிட்டது. தந்தை மகனைக் கண்டிக்கிறார். கட்சி அரசைக் கண்டிக்கிறது. இரண்டிலும் வாதத்துக்கு இடமில்லை. ஆயின் தருக்கத்துறையில் இவ்வினை எதிர்வாதத்தைக் காரணங்காட்டித் தகர்த்தலையே குறித்தது. இதன் வடமொழி அடி துண்டாக்குதலைச் சுட்டும். தமிழில் 'கண்டம்' துண்டமெனப் பொருள்படுவதும் அதனாலேயே.

தமிழ் மரபு இதனினும் நுட்பமானதொரு வேறுபாட்டை அறிந்திருந்தது. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் மறுத்தல் ஒன்று. பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பின்னர் களைதல் பிறிதொன்று. மறுப்பதற்கு 'அன்று' என்ற ஒரு சொல்லே போதும். களைவதற்கோ எதிராளியின் கூற்றை முழுமையாக எடுத்துரைக்க வேண்டியுள்ளது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை உலகாயதத்துடன் தொடங்கி, அதன் வாதத்தை விரித்த பின்னரே அதனைச் சாடுகிறார். நீலகேசியும் பூதவாதத்தை இவ்வாறே எதிர்கொள்கிறது. தமிழில் பொருள்முதல்வாதிகள் எழுதிய தனிநூல் எதுவும் எமக்குக் கிட்டவில்லை. அவர்தம் குரலை அவர்தம் பகைவரின் ஏடுகளிலேயே கேட்கின்றோம். அது திரிக்கப்பட்ட குரலாகவும் இருக்கலாம். எனினும் அவ்வாசிரியர்கள் இன்றைய பொருளிற் 'கண்டித்து' அமைந்திருப்பின், எமக்கு உலகாயதம் என்ற பெயர் மாத்திரமே எஞ்சியிருக்கும்.

இப்பொருள்மாற்றத்தில் அச்சியந்திரத்துக்குப் பெரும் பங்குண்டு எனக் கருதுகின்றோம். மணிமேகலை குறிப்பிடும் பட்டிமண்டபத்தில் எதிராளி நேர்முன் நின்றான். துண்டுப்பிரசுரத்தை வாசித்தவரோ பெரும்பாலும் தம் அணியினரே. எனினும் இம்மாற்றம் உடனடியாக நிகழவில்லை. விவிலிய மொழிபெயர்ப்பிற் பேர்சிவல் பாதிரியாருடன் உழைத்த ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தில் அவ்விவிலியத்தையே சான்றாக்கிச் சைவக் கிரியைகளுக்காக வாதாடினார். அது களைதலின் பாற்பட்டது. 1867இல் திருவருட்பா வெளிவந்த பின்னர் எழுந்த பூசலிலோ, 'மருட்பா' என்ற சொல்விளையாட்டே வாதத்தின் பணியைப் பெரிதும் ஆற்றிவிட்டது.

எமது முற்போக்கு விமர்சனமும் இதற்குப் புறம்பானதன்று. 1960களின் மரபுப் போராட்டத்தில், 'இழிசனர் வழக்கு' என்ற இகழ்ச்சிக்கு மொழிவரலாற்றையும் சமூக வரலாற்றையும் கொண்டு விடையிறுக்கப்பட்டது. பின்னரோ 'பிற்போக்கு' என்ற முத்திரையே பல கட்டுரைகளுக்குப் போதுமானதாயிற்று. அழகியல்வாதிகளின் நிலைப்பாட்டை அவர்களே ஒப்புமாறு விரித்துரைத்து, அதன் பின்னர் அதன் வர்க்க அடிப்படையைக் காட்டும் பரபக்கம் எம்மவர் எழுத்துக்களில் அரிதாகவே காணப்படுகின்றது.