மறதி நோயும் மருமகளும்

முதுமையைப் பாடாத இலக்கியம் அரிது. முதியோரைப் பேணுவோரின் களைப்பைப் பேசிய இலக்கியமோ அதனினும் அரிது. அவ்வரியவற்றுள் ஒன்று, ஜப்பானிய எழுத்தாளர் அரியோஷி சவாகோ அம்மையார் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கோகோத்சு நோ ஹிதோ’ என்னும் புதினம். ‘தன்னிலை மறந்தவர்’ என அத்தலைப்பைத் தமிழாக்கலாம்.

கதை எளியது. தோக்கியோவில் வாழும் அக்கிகோ, வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரியும் குடும்பத்தலைவி. மாமியார் திடுமென இறந்த பின்னரே, 84 வயதான மாமனார் ஷிகேசோவின் நினைவு சிதைந்திருப்பது வீட்டாருக்குப் புலனாகிறது. பெற்ற மகனையும் மகளையும் அவர் அறியார். தாம் முன்னர்க் கடுஞ்சொல்லால் வருத்திய மருமகளையும் பேரனையுமே அறிகிறார். இம்முரணே புதினத்தின் உயிர்நிலை. உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்பதும், இரவில் எழுப்புவதும், சொல்லாமல் வெளியேறித் தெருவில் விரைவதும் மிகையின்றிச் சித்திரிக்கப்படுகின்றன.

கணவன் நொபுதோஷி கொடியவன் அல்லன். தந்தையின் உருவில் தன் முதுமையைக் கண்டு அஞ்சி ஒதுங்குபவன் அவன். அவன் ஒதுங்க ஒதுங்க, மனைவியின் சுமை கூடுகிறது. தீயவர் ஒருவரும் இல்லாத வீட்டிலும் அநீதி நிகழக்கூடும் என்பதை உணர்த்தும் இப்பாத்திரப் படைப்பு பாராட்டத்தக்கது.

உதவி நாடி நல அலுவலரை அணுகும் அக்கிகோவுக்கு மனநோய் மருத்துவமனையன்றி வேறு புகலிடம் காட்டப்படவில்லை. முதியோர் நலச் சட்டம் 1963இலேயே இயற்றப்பட்ட நாட்டின் நிலை அது! பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற இந்நூல், வீட்டுக்குள் மறைந்துகிடந்த துயரை நாட்டின் பேச்சாக்கியது. வீட்டு உதவி, பகல்நேரப் பராமரிப்பு, குறுகிய காலத் தங்கல் ஆகியவற்றை உள்ளடக்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம் 2000இல் நடைமுறைக்கு வந்தது. இழிவுப் பொருள் தந்த ‘சிஹோ’ என்னும் சொல்லை விடுத்து, ‘நின்சிஷோ’ என்னும் சொல்லை 2004இல் அரசு ஏற்றது. இவை யாவும் ஒரு புதினத்தால் விளைந்தன என்பது மிகை. அதற்கு அவற்றில் பங்கில்லை என்பதும் பிழை.

குறையும் உண்டு. குளியல் தொட்டியில் மூழ்கிப் பிழைத்த மாமனாரை இயன்றவரை வாழவைப்பதென அக்கிகோ உறுதிபூணுகிறாள். அவ்வுறுதி உள்ளத்தை உருக்குகிறது. ஆயினும், சமுதாயத்தை நோக்கி எழுந்த வினா அங்கே தனியொருத்தியின் தியாகத்துள் அடங்கிவிடுகிறது. தியாகத்தைப் போற்றும் வாசகர், உதவி கேட்ட குரலை மறந்துவிடக்கூடும்.

நம் சிறுகதைகளும் இவ்விடத்தில்தான் இடறுகின்றன. முதியோரைக் கைவிடும் மருமகள் கொடியவள்; பேணுபவள் தெய்வம். நேற்றிரவு அவள் உறங்கினாளா என்று கேட்பார் இல்லை. சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்தோருள் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டென 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர், தாத்தாவின் அறைக்கதவைக் காவல்காத்துவிட்டு வந்தவராக இருக்கலாம். அவர்களிடம் பொறுமையின் பெருமையை மட்டும் கற்பித்தல் போதாது. உதவி கேட்பது அன்பின் குறைவன்று என்பதையும் கற்பிக்க வேண்டும். அக்கல்விக்கு இப்புதினம் நற்றுணையாகும்.