மென்பொருளிலிருந்து இணையப் பாதுகாப்புக்கு: எந்த வாசல்?

மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ் தோட்டப்புறங்களில் பிறந்து, கணினி படித்து, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளில் இணையப் பாதுகாப்புக்கு மாற நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. அங்கே ஆள் பற்றாக்குறை. கோடிங்கை இனி ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும். இரண்டையும் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேவை இருப்பது உண்மைதான். 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டதையும், அதைத் தரத் தாம் மறுத்ததையும் பிரதமர் அன்வாரே அறிவித்தார். அதற்கு முன்பே, 2024 ஆகஸ்ட் 26-இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 854) அமலுக்கு வந்துவிட்டது. அதன்படி வங்கி, எரிசக்தி, சுகாதாரம், போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் முக்கிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் தணிக்கை நடத்த வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் உருவாக்கும் வேலையில் பெரும்பங்கு கண்காணிப்பும் ஆவணமும்தான். கண்காணிப்பு மையத்தில் புதியவருக்குக் கிடைக்கும் இருக்கையை நினைத்துப் பாருங்கள். இரவு ஷிப்ட், திரையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து, பொய்யா மெய்யா என்று பார்த்து மூட வேண்டும். அவசியமான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் டுரியான் துங்காலில் இருக்கும் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (யூடெம்) கணினிப் பாதுகாப்பையே பட்டப்படிப்பாகச் சொல்லித் தருகிறது. அங்கிருந்து நேராக வருகிற இளைஞரோடு, ஐந்தாண்டு நிரல் எழுதியவர் அதே இருக்கைக்கு ஏன் போட்டியிட வேண்டும்? சம்பளமும் இறங்கும், கைவசமிருந்த திறனும் துருப்பிடிக்கும்.

நிரலாளரின் பலம் வேறிடத்தில், செயலிகளின் நிரலில் ஓட்டை தேடும் செயலிப் பாதுகாப்பில் இருக்கிறது. கடன் அறிக்கை காட்டும் ஓர் இணையப் பக்கம். முகவரியின் கடைசியில் 1041 என்ற எண். அதை 1042 என்று மாற்றினால் அடுத்தவருடைய கடன் கணக்கு திறக்கிறது. பூட்டு உடைபடவில்லை, கேட்டவர் யார் என்று சரிபார்க்கும் ஒரு வரியை எழுதியவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான். இணையச் செயலிகளின் முக்கியப் பாதுகாப்புக் குறைகளைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்த வகைப் பிழைதான். அவசரத்தில் அந்த வரி எங்கே விடுபடும் என்பது, அப்படி அவசரத்தில் எழுதிப் பழகியவருக்கே சட்டென்று தெரியும்.

நிரலாளரின் கண்ணுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த பின்வாசலைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணிபுரியும் நிரலாளர். உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானது அவருக்கு உறுத்தியது, தோண்டிப் பார்த்தார். ஏ.ஐ. பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. இயந்திரம் எழுதும் நிரல் பெருகப் பெருக, அதைப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பவரின் தேவை கூடும்.

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். அதன் எட்டுப் பிரிவுகளில் ஒன்று மென்பொருள் உருவாக்கப் பாதுகாப்பு. ஆக, உங்கள் பழைய வேலையும் கணக்கில் சேரக்கூடும். வேலைக்குப் போகுமுன்பே கடன் வாங்கிச் சான்றிதழ் குவிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அனுமதியில்லாமல் பிறர் தளத்தில் ‘பழகிப் பார்ப்பது’ அதைவிட மோசம்: 1997 கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. செயலிப் பாதுகாப்பு வேலைகள் மலாக்காவில் அரிது. சைபர்ஜெயாவுக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டிவரும். பெற்றோரை ஜாசினில் விட்டுவிட்டுப் போக முடியாதவருக்கு இது சின்னத் தடையல்ல.

இத்தனையையும் எடைபோட்டு நான் சொல்வது இதுதான்: மாறலாம், ஆனால் நிரலைக் கைவிட்டு அல்ல. கண்காணிப்பு மையத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள்; செயலிப் பாதுகாப்புப் பணிக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைக்கும்வரை இருக்கும் வேலையை விடாமல், உங்கள் குழு எழுதும் நிரலின் பாதுகாப்புச் சோதனையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.