நோய்ப்பெயர்களைக் கடக்கும் சிகிச்சை: பார்லோவின் ஒருங்கிணைந்த நெறிமுறை குறித்த திறனாய்வு

மனப்பதற்றமும் மனச்சோர்வும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. ஆயினும் அறிகை நடத்தைச் சிகிச்சை நெடுங்காலம் நோய்க்கொரு கையேடு என்ற முறையிலேயே வளர்ந்தது. பீதி நோய்க்கு ஒன்று, சமூக அச்சத்திற்கு ஒன்று, எண்ணச் சுழற்சி நோய்க்கு ஒன்று எனக் கையேடுகள் பெருகின. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்லோவும் அவர்தம் குழுவினரும் 2004இல் இப்போக்கிற்கு மாற்றை முன்மொழிந்தனர். 2011இல் அது ‘ஒருங்கிணைந்த நெறிமுறை’ என்னும் கையேடாக வெளிவந்தது. எழும் உணர்ச்சியைத் தாங்கொணாததாகக் கருதி அதனின்று விலகுவதே இந்நோய்களை நிலைநிறுத்துகிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து.

இக்கருத்துக்குப் பெருஞ்சான்றாகக் காட்டப்பெறுவது 2017இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வெளியான ஆய்வாகும். அதில் 223 பேர் பங்கேற்றனர். 88 பேர் ஒருங்கிணைந்த நெறிமுறையையும் 91 பேர் தத்தம் நோய்க்குரிய தனிக்கையேட்டுச் சிகிச்சையையும் பெற்றனர். 44 பேர் காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பெற்றனர். இருவகைச் சிகிச்சைகளும் நிகரான பயனளித்தன. ஒருங்கிணைந்த நெறிமுறையில் இடைவிலகல் குறைவு. பல கையேடுகளைக் கற்க வேண்டிய பயிற்சியாளருக்கு ஒன்றே போதும் எனின், அது சிறிய பயனன்று.

ஆனால் நிகரான பயன் என்பது கோட்பாட்டை மெய்ப்பிக்குமா? தனிக்கையேடுகளிலும் அஞ்சுவதை எதிர்கொள்ளும் பயிற்சியும் எண்ணங்களை மறுஆய்வு செய்தலும் முன்பே உள்ளன. இருதிறச் சிகிச்சைகளும் ஒரே கருவிகளைப் பெரும்பாலும் பயன்படுத்துவதால் விளைவு ஒத்திருக்கலாம். பொதுவேர் பற்றிய கருத்து தவறாயினும் இம்முடிவு கிடைத்திருக்கக் கூடும். மேலும், நெறிமுறையை உருவாக்கியோரே அதனைச் சோதித்துள்ளனர் என்பதும் கருதத்தக்கது.

அளவீட்டில் உள்ள முரண் இதனினும் கூர்மையானது. ஆய்வின் முதன்மை அளவுகோல், ஒவ்வொருவருக்கும் குறிக்கப்பெற்ற முதன்மை நோயின் கடுமையை மருத்துவ மதிப்பீட்டாளர் கணித்த எண்ணே. நோய்ப்பெயர்களின் எல்லைகள் மேலோட்டமானவை எனக் கூறும் சிகிச்சை, அவ்வெல்லைகளைக் கொண்டே வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பெறுகிறது. உணர்ச்சியின்மீதான வெறுப்பும் விலகலும் குறைந்தமையை முதன்மை அளவாகக் கொண்டிருப்பின் வாதம் வலுப்பெற்றிருக்கும்.

மனச்சோர்வு குறித்த கோரிக்கையையும் அளந்தே ஏற்க வேண்டும். இவ்வாய்வில் சேர்க்கப்பெற்றோரின் முதன்மை நோய்கள் பீதி நோய், பொதுப் பதற்ற நோய், எண்ணச் சுழற்சி நோய், சமூக அச்சம் ஆகிய நான்கே. மனச்சோர்வு துணைநோயாகவே அவர்களிடம் இருந்தது. மனச்சோர்வையே முதன்மையாகக் கொண்டவருக்கு இந்நெறிமுறை நிகரான பயன் தரும் என்பதை இவ்வாய்வைக் கொண்டு நிறுவ இயலாது.