நாடகமும் பிரசாரமும்

கதையிலும் நாடகத்திலும் நீதியையோ அரசியலையோ புகுத்துவது கலைக்கு இழுக்கு என்பாரும், அவற்றுக்கு இடமளிக்காத கலை வெறும் பொழுதுபோக்கு என்பாரும் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். இரு சாராரும் பொதுப்படப் பேசுவதால் வழக்கு முடிவதில்லை. குறிப்பிட்ட ஒரு நாடகத்தை முன்னிறுத்திப் பேசினால் ஓரளவு தெளிவு பிறக்கலாம்.

அத்தகைய நாடகம் ஒன்றின் பூர்வ கதை, பெரியாற்றங்கரை ஊராகிய ஆலுவாவில் தொடங்குகிறது. கேரளப் பிராமணராகிய நம்பூதிரிகளின் யோகக்ஷேம சபை 1908-ஆம் ஆண்டில் அங்கேதான் தோன்றியது. சமூகத்தின் நலன்களைக் காப்பதற்கென எழுந்த அச்சபையில், பின்னர் இளைஞர்கள் தலையெடுத்து, காக்க வேண்டியது எது, களைய வேண்டியது எது என்று கேட்கலாயினர். அவர்களுள் முதன்மையானவராகிய வி.டி. பட்டதிரிப்பாடு எழுதிய ‘அடுக்களயில் நின்னு அரங்கத்தேக்கு’ என்னும் நாடகம், 1929-இல் திருச்சூரை அடுத்த எடக்குன்னியில், சபையின் ஆண்டுவிழாவிலேயே அரங்கேறிற்று.

மூத்த மகன் மட்டுமே தன் ஜாதியில் மணம் புரியலாம், இளையவர்கள் பிற குடும்பங்களில் சம்பந்தம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நம்பூதிரிச் சம்பிரதாயத்தால், இல்லங்களில் கன்னியர் மிகுந்து வரன்கள் அருகினர். ஏற்கெனவே மனைவியர் உள்ள கிழவருக்கும் இளம்பெண்ணைக் கொடுப்பது சகஜமாயிற்று. வெளியே இறங்கினால் அவள் உடலைப் போர்வையும் முகத்தை ஓலைக்குடையும் மறைத்தன. அப்படியொரு கிழவருக்கு நிச்சயிக்கப்பட்ட தேதி என்னும் பெண், தான் விரும்பிய மாதவனை அடைவதே கதை.

இந்நாடகத்தின் பலத்தில் பாதி, அது யாருடைய முன்னிலையில் ஆடப்பட்டது என்பதிலேயே அடங்கியிருக்கிறது. அவையில் வீற்றிருந்தோர் அத்தகைய பெண்களின் தந்தையரும் தமையன்மாரும் ஆவர். பிறரது குற்றத்தைப் பிறரிடம் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். தன் சுற்றத்தார் முகத்துக்கு நேரே அவர்கள் குற்றத்தைச் சொல்லி, அவர்களையும் இறுதிவரை இருக்கையில் இருத்துவதற்குக் கலை வேண்டும். அரங்கில் பேசப்பட்டது வாழ்க்கைக்குள்ளும் நுழைந்தது: மறைக்குடைக்குள் நிகழும் நரகத்தைத் தாமும் நாடகமாக்கிய எம்.ஆர். பட்டதிரிப்பாடு, 1934-இல் உமா அந்தர்ஜனம் என்ற விதவையை வி.டி.யின் இல்லத்திலேயே மணந்தார்.

ஆயினும் குறையும் சிறிதன்று. கிழவரின் திருமணத்தைத் தடுத்து நிறுத்துவது நீதிமன்றத்தின் தடையுத்தரவு. விடுதலை வெளியிலிருந்து உத்தரவாக வந்து சேர்ந்துவிடுவதால், தேதியின் மனத்தில் அச்சமும் ஆசையும் பந்தபாசமும் ஒன்றோடொன்று மோதுவதற்கு அவகாசம் குறைகிறது. மேலும், பெண்ணை அரங்கத்துக்கு அழைத்த அந்நாடகத்தில் பெண் வேடம் தாங்கியவர்களும் ஆடவரே. நாடகம் தொடங்குமுன்பே விடையை அறிந்துவிட்ட ஆசிரியனுக்கு, பாத்திரங்கள் தன் கட்சிக்காகக் கொண்டுவந்த சாட்சிகளாகத் தோன்றும் அபாயம் எப்போதும் உண்டு.

அந்த அபாயத்துக்குப் பெரிய உதாரணம், கே.பி.ஏ.சி. நாடகக் குழுவினர் 1952-இல் மேடையேற்றிய தோப்பில் பாஸியின் ‘நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி’. நொடித்துப்போன பழம்பெருமைக் குடும்பத்துப் பரமுப் பிள்ளை இறுதியில் செங்கொடியைக் கையில் ஏந்தும்போது அவையோர் அடையும் எழுச்சி பொய்யன்று; மனிதன் மாறக்கூடியவன் என்ற நம்பிக்கையை அந்நாடகம் கேரளமெங்கும் கொண்டு சென்றது. ஆனால் கதாநாயகன் கோபாலனை நேசித்த புலயப் பெண் மாலாவின் துயரம், கொடியின் நிழலில் கவனிப்பாரற்று நின்றுவிடுகிறது. கோபாலனுக்கு வாய்ப்பவள் ஜமீன்தாரின் மகள். அந்த மாலாவின் பக்கம் நின்று, ‘நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1995-இல் சிவிக் சந்திரன் எதிர்நாடகம் எழுதினார். பதிப்புரிமை வழக்கு எழுந்தபோது, விமர்சனத்தின் பொருட்டு மூல நாடகத்தின் பகுதிகளை எடுத்தாளலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. வி.டி.யின் குறைக்கும் இவ்வாறே பதில் வந்தது: 1948-இல் அந்தர்ஜனங்கள் எனப்படும் நம்பூதிரிப் பெண்கள் தாமே கூடி எழுதி நடித்த ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ நாடகத்தின் நாயகி, திருமணத்தில் அன்று, தொழிலில் விடுதலையைத் தேடினாள்.

நம்மவர்க்கு நெருக்கமான ‘பராசக்தி’ திரைப்படமும் 1952-இல் வந்ததே. அதன் நீதிமன்ற வசனம் நிற்பதற்குக் காரணம் சொல்லடுக்கு மட்டுமன்று. அதற்கு முன்பே ஒரு விதவையின் பசியையும் அவமானத்தையும் நாம் கண்ணாரக் கண்டுவிடுகிறோம். அவள் துன்பம் முந்தி, வசனம் பிந்தி வருவதால், பேச்சுக்குப் பாரம் ஏறுகிறது.

ஆகவே, கலையில் கொள்கை கூடாது என்ற தடை அநாவசியம். அத்தடை இருந்திருப்பின் தேதியும் இல்லை, மாலாவும் இல்லை. கொள்கையை ஏற்கும் ஆசிரியனிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: தன் விடைக்குள் அடங்காத மனிதர்களையும் மேடைக்கு அழைத்து, அவர்கள் மறுத்துப் பேசவும் இடங்கொடுக்க வேண்டும். அவன் அதைச் செய்யத் தவறினால், அக்கடமை அடுத்த நாடகாசிரியனைச் சேரும். அவனைத் தடுக்காத சமுதாயத்தில் பிரசார நாடகத்தால் பெருங்கேடு விளைந்துவிடாது.