பிரசெல்ஸின் கை எட்டும் தூரம்

சங்கம் சேரும் உரிமையை மதிக்காத அரசாங்கத்தை வெளிநாடுகள் நெருக்கலாமா? நெருக்கத்தான் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நாட்டின் இறைமை போய்விட்டது என்று மேடைகளில் முழங்குவோர், அதே இறைமையின் பெயரால் வேலை பறிக்கப்பட்டவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் இந்த நெருக்குதல் எதைப் பிடித்து இழுக்கிறது, அதன் கை எதுவரை நீள்கிறது என்று அக்குறணையில் இருந்துகொண்டு பார்க்கும்போது அதன் குறைகளும் துலக்கமாகத் தெரிகின்றன.

இன்று இலங்கைமீது இருக்கும் பலமான பிடி ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை. 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதாக அரசாங்கம் வாக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு ஐரோப்பா சுமார் 66 சதவீதப் பொருள் வகைகளுக்குச் சுங்கத் தீர்வையை நீக்குகிறது. அந்த 27இல் 8, சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் அடிப்படைச் சமவாயங்கள். சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87ஆம் இலக்கமும், கூட்டுப் பேரம் பற்றிய 98ஆம் இலக்கமும் அவற்றில் அடக்கம்.

வெளியிலிருந்து வரும் குரலுக்குப் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் 2022 ஆகஸ்ட் 3ஆம் திகதி கைதானார். ஊர் ஆசிரியர்கள் வீதிக்கு வந்தார்கள். உலக ஆசிரியர் சங்கங்களும் ஐ.நா.வின் மனித உரிமை அதிகாரிகளும் குரல் எழுப்பினார்கள். 8ஆம் திகதி அவர் பிணையில் வெளியே வந்தார். கடன் கேட்டு உலகத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்த அரசாங்கத்துக்கு அந்தக் குரல்கள் கேட்காமல் இருந்திருக்காது.

1980 ஜூலையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த 40,000க்கும் மேற்பட்டவர்களை ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்துக்கு முறைப்பாடு போனது. உதவி கொடுக்கும் நாடுகளோ பண வாசலை மூடவில்லை. பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட ஜே.ஆர். அந்த நாடுகளுக்கு வேண்டியவராக இருந்தார். கண்டி மாவட்டத்து மக்களுக்கு இதன் அடையாளம் வெகு தூரத்தில் இல்லை: பிரித்தானிய உதவியில் எழுந்த விக்டோரியா அணையை 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சரே வந்து திறந்துவைத்தார். வேலை பறிபோனவர்கள் அப்போதும் நியாயம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நெருக்குபவருக்கு அந்த அரசாங்கத்தைப் பிடிக்கிறதா என்பதைப் பொறுத்தே தொழிலாளியின் உரிமைக்கு மதிப்புக் கிடைக்கும் என்றால், அதை உரிமைக் காவல் என்று முழுமனதோடு சொல்ல என்னால் முடியவில்லை.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. தீர்வை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சலுகைக்குப் பிடி உண்டு. பல்லேகலயிலும் கட்டுநாயக்கவிலும் தைக்கும் சட்டைக்கு ஐரோப்பாவில் தீர்வை உண்டு. ஆகவே அந்த முதலாளிகள் சலுகைக்காகப் பதறுவார்கள். நம் மலையில் கொழுந்து பறித்துத் தயாரிக்கும் கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே தீர்வை இல்லை. ஜி.எஸ்.பி. பிளஸ் நாளைக்கே போனாலும் தோட்டக் கம்பனிக்கு அதனால் ஒரு சதம் தீர்வை அதிகரிக்காது. இலங்கைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் ஈராக், ரஷ்யா, துருக்கி போன்ற நாடுகள் லயத்துக் கூரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். சம்பளமும் சங்கமும் கேட்டதுதான் அந்தப் போராட்டம். அதே மலைச்சரிவுகளில் வேலை செய்பவர்களை இன்றைய சர்வதேசப் பொறிமுறை நேராகத் தொடுவதில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டன. 98ஆம் சமவாயத்தின் உயிரே கூட்டு ஒப்பந்தம்தான். அதற்காகச் சலுகை ஒன்றும் நிற்கவில்லை.

2010இல் சலுகை ஒருமுறை நிறுத்தப்பட்டது. காரணம் யுத்தத்தை ஒட்டிய மனித உரிமை மீறல்கள். தொழிலாளர் சமவாயம் எதுவும் அதில் சம்பந்தப்படவில்லை. அந்த மீறல்களுக்குப் பதில்சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் பதவியில் இருந்தார்கள். போட்டி விலையின் சுமை மெஷினில் குனிந்திருந்த பிள்ளைகளின் தலையில் இறங்கியது. சலுகை திரும்பி வர 2017 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக ஐரோப்பா கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சலுகையை வெட்டுவது மட்டுமே தண்டனையாக இருந்தால் அடி தவறான முதுகில்தான் விழும்.

சர்வதேசத்துக்கு வேறொரு கையும் இருக்கிறது. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் வேலைத்திட்டத்தோடு வந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியின் திறைசேரி முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. சம்மதிக்காவிட்டால் நிதியின் 14 சதவீத வரி 30 ஆகும் என்பது நிபந்தனை. பெரும் பணக்காரர்களின் சொத்து அப்படித் தொடப்படவில்லை. ஒரு கை சங்க உரிமையைக் காப்பாற்றச் சொல்கிறது. மறு கை அதே தொழிலாளியின் முதுமைக்கால வருமானத்தைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கேள்வி கேட்க நம் சங்கங்களுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். மாத்தளை வீதியில் ஆறாம் கட்டையிலிருந்து எட்டாம் கட்டை வரை கடைதான். காலையில் ஷட்டரைத் தூக்கும் பொடியன் இஷாத் தொழுகைக்குப் பிறகும் அதே கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறான். பெருநாள் நெருங்கினால் ஜவுளிக் கடைகளில் நடுநிசியும் தாண்டும். ஓவர்டைம் என்று எங்கும் எழுதுவதில்லை. பெருநாள் காசு என்று கையில் ஒரு தொகை வரும். அதை வாங்கிக்கொண்டு அவனும் நன்றி சொல்வான். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி, கிழமையில் ஒன்றரை நாள் லீவு என்கிறது. வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுகிற நாம் இந்தச் சட்டத்தையாவது மதித்திருக்க வேண்டாமா? இந்தப் பொடியன் விற்கும் துணி எந்தத் துறைமுகத்தையும் தாண்டுவதில்லை. ஆகவே அவனைப் பற்றிக் கேட்க பிரசெல்ஸிலிருந்து யாரும் வரப்போவதில்லை. அவனுக்குச் சங்கமும் இல்லை.

சட்டம் எழுத வைப்பதில் வெளி நெருக்குதலுக்கு வலு உண்டு. எழுதியதை நடத்திக் காட்ட அதனால் முடிவதில்லை. 98ஆம் சமவாயத்தை இலங்கை ஏற்றது 1972இல். சங்கத்தோடு பேச மறுப்பதைக் குற்றமாக்கிய கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டம் வந்தது 1999இல். அதிலும் தொழிலாளரில் 40 சதவீதம் பேர் சேர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. சங்கத்தில் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து அனுப்பிவிடக்கூடிய தொழிற்சாலையில் அந்த 40ஐத் தொடுவது எத்தனை கடினம் என்று மெஷினில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் நிபுணர் குழு இந்த வரம்பைப் பலமுறை குறை சொல்லியும் அது அப்படியே நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடுத்த கண்காணிப்புக் குழு கொழும்பு ஹோட்டல்களில் அமைச்சர்களோடும் ஏற்றுமதியாளர்களோடும் பேசிய கையோடு கண்டித் தொழில் அலுவலகத்துக்கும் வரட்டும். சங்கத்தைத் தடுத்ததற்காக எத்தனை முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள், சேமலாப நிதி கட்டாத தோட்டங்கள் எவை, அரசே நடத்தும் தோட்டங்களின் நிலுவை எவ்வளவு, எத்தனை கடைகளுக்குப் பரிசோதகர் போனார் என்று அங்கே கேட்கட்டும். அந்தப் பதில்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து லயத்துக்கும் கடைவீதிக்கும் கொடுக்கட்டும். சலுகையின் தலைவிதியை அவற்றை வைத்துத் தீர்மானித்தால், 40 சதவீத வரம்பைத் தளர்த்துவது பற்றி நம் பாராளுமன்றம் அந்த வருடமே பேசத் தொடங்கும்.