குரலைக் கழட்டி வைக்கச் சொன்னார்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வருகிற ஆட்களுக்கு முன்னால் வீதி நாடகம் போட்டவன் நான். அங்கே எனக்குப் பயம் வந்ததில்லை. பயம் வந்தது நகரத்துக்குள், ஒரு நடிப்புப் பட்டறையில். 'குரல்ல சேரி வாடை அடிக்குது. அதைக் கழட்டி வச்சிட்டு வா' என்றார் பயிற்சி தந்தவர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மூச்சுப் பயிற்சியெல்லாம் செய்தேன். ஆறு மாசம் என் வாயிலிருந்து வேறு யாரோ பேசினார். 'இன்னாடா, ரேடியோ மாதிரி பேசற' என்று அம்மா சிரித்தாங்க.

அப்போதுதான் கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) கையில் கிடைத்தது. சாதிக் கொடுமையின் சாட்சியமாகத்தான் அதை எல்லோரும் படிக்கிறோம். சரிதான். நான் அதை ஒரு பாட்டுக்காரரின் புத்தகமாகப் படித்தேன். இளையான்குடியில் முஸ்லிம்களோடு பழகும்போது சாதி தலைகாட்டுவதில்லை. கிராமத்துக்குள் கால் வைத்ததும் முன்னால் வந்து நிற்கிறது. அதே பையன், அதே உடம்பு. அப்போ என் கூச்சம் எங்கே இருந்து வந்தது? பார்க்கிறவன் கொண்டுவந்து என்மேல் வைத்துவிட்டுப் போனதுதானே அது. எந்தப் பட்டறையிலும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிற்பாடு அவர் நாட்டுப்புறப் பாட்டை ஆய்வு செய்தார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டைப் பல மேடைகளில் பாடினார். பேராசிரியர் ஆன பிறகும் குரலை மாற்றிக்கொள்ளவில்லை.

குறையும் சொல்லணும். 'வடு' பெரும்பாலும் பிள்ளைப்பிராயத்தோடும் படிப்புக் காலத்தோடும் நின்றுவிடுகிறது. மேடை ஏறினவனின் நடுக்கம் எப்படித் தீர்ந்தது என்று தேடினேன், போதுமான அளவு இல்லை. 2016இல் அவர் இறந்துவிட்டார், இனி கேட்கவும் முடியாது.

அவருடைய 'பலி ஆடுகள்' நாடகத்தை ஆவடியில் எங்கள் குழு வாசித்தது. நரபலிக்குப் பிடிக்கப்பட்ட தலித் ஆண் தப்பிக்கிறான். அவன் பெண்டாட்டி பலியாகிறாள். குழுவில் இருந்த ஒரே பெண் கேட்டாள்: 'அண்ணே, தன்மானம்னு பேசறதெல்லாம் நீங்க, வெட்டுப்படறது மட்டும் நானா?' நாங்க யாரும் வாயைத் திறக்கவில்லை. நாடகம் நம்மைப் புகழாமல் நம்மிடமே கேள்வி கேட்கிறது. அதனால்தான் இதைப் பெரிய நாடகம் என்கிறேன்.

ஒத்திகைக்குப் பறை வாங்கி வந்தேன். வீட்டில் சண்டை. 'சாவுக்கு அடிக்க மாட்டோம்னு அடி வாங்கி வுட்டதுடா அது. நீ திரும்பத் தோள்ல மாட்டிக்கினு வர்றியா?' என்றார் நைனா. அவர் அதைக் கீழே போட்டதுதான் அவருக்குத் தன்மானம். எனக்கு அதை எடுத்தது. அவர் சொன்னதற்கு இதை பதிலாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாடகம் நடந்தது. என் சொந்தக் குரலில்தான் பேசினேன். நைனா பார்க்க வரவில்லை.